மேசைமேல் ஒரு மண்டையோடு

டாக்டர் மேசைமேல் இருக்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டின் கன்னத்தைப் பேனாவால் தட்டித் தட்டி விளக்குகிறார். ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே இருக்கும் கணக்கு டீச்சரின் இடது கண் சுருங்குகிறது. மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு. இப்போது வாயைத் திறந்தாலே கன்னத்தில் மின்னல் வெட்டுகிறது. மின்விசிறிக் காற்று முகத்தில் படாமலிருக்க ஸ்கேன் உறையைத் தடுப்பாகப் பிடித்திருக்கிறாள். பல்வலி என்று சொல்லி இரண்டு நல்ல கடைவாய்ப்பற்களை ஏற்கெனவே பிடுங்கியாயிற்று. "வலி பத்துக்கு எவ்வளவு?" டாக்டர் கேட்பது அவளை அல்ல, பக்கத்தில் இருக்கும் கணவனை. "ஒரு ஏழு இருக்கும் சார்." அவள் மூக்கு விடைக்கிறது. "ஊசி விட்டு நரம்பைச் சுட்டுடலாம்," என்கிறார் டாக்டர். "சின்ன வேலை, ஆனா கன்னம் மரத்துடும், வலி திரும்பவும் வரலாம். இல்லன்னா காதுக்குப் பின்னால திறந்து, நரம்பை அழுத்துற ரத்தக்குழாயை விலக்கி வைக்கணும். அது பெரிய ஆபரேஷன்." "ஊசியே போதும் சார். மண்டையைப் போய்த் திறப்பாங்களா? மரத்தா மரத்துட்டுப் போகுது. இந்த இடம்தானே?" என்று கணவன் அவள் கன்னத்தை நோக்கி விரலை நீட்டுகிறான். விரல் படுவதற்குள் உறையைக் கீழே போட்டு அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். மறுகையால் மண்டையோட்டின் மேல்மூடியைக் கழற்றி டாக்டர் முன்னால் வைக்கிறாள். "திறங்க." அந்த ஒரு சொல்லுக்கே மின்னல் வெட்டுகிறது. உடம்பு தூக்கிப்போட, அவள் நகங்கள் கணவனின் தோலில் இறங்குகின்றன. "ஐயோ, விடு, வலிக்குது!" வெட்டு அடங்கும்வரை கண்ணை மூடிக் காத்திருக்கிறாள். பிடியை விடாமல், அவன் பக்கம் மெதுவாகத் திரும்புகிறாள். "பத்துக்கு எவ்வளவு?"