ஏரிப் பூதத்தின் படையல்

"இந்த வருசம் ஏரிப் பூதத்துக்குக் கேக்தான் படையல், அத்தை. டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்க நல்லாருக்கும்" என்றான் திருவிழாக் கமிட்டி முனீஸ்வரன்.

ராமுத்தாய்க்குச் சுருக்கென்றது. "சோறும் கருவாட்டுக் குழம்பும்தான் படைக்கணும்!"

"அந்தக் காலத்துல கறுப்பா முதுகைத் தூக்கிட்டு ஏரியில வந்துச்சாம், கரையில இருந்த தூக்குச்சட்டியைக் காலி பண்ணுச்சாம். பூதம் கருவாடா தின்னும்?"

"தின்னும். கேக்கைத் தொடாது."

அவள் பிடிவாதம்தான் ஜெயித்தது. சூரியநெல்லி ஊரே கூடி, மேளதாளத்தோடு ஏரிக்கரையில் கருவாட்டுக் குழம்பு படைத்தது.

படையலில் தன் பங்கைத் தூக்குச்சட்டியில் வாங்கி வந்து, மூட்டுவலியோடு வீட்டில் கிடந்த கணவர் பெரியமுத்துவிடம் நீட்டினாள்.

"ஊரே உங்களுக்குப் படைச்சது. சாப்பிடுங்க."

பெரியமுத்து சிரித்தார். "மாத்துத் துணி நனையாம இருக்க, கறுப்புத் தார்ப்பாயில சுத்தி முதுகுல கட்டிக்கிட்டு, அக்கரை எஸ்டேட்லருந்து உன்னைப் பார்க்க நீந்தி வந்தேன். என்னைப் போய்ப் பூதம்னு முதல்ல கத்துனது உங்கப்பாதானே?"

"ஆமா. 'பாவம், குளிருல நீந்தி வருது'ன்னு, மறுநாளே நான் கரையில வைக்கிற தூக்குச்சட்டியில ரெண்டு துண்டு கருவாடு கூட வைக்கச் சொன்னதும் அவருதான்."