மூன்றாவது நாற்காலி

"உன் தம்பி எழுந்திருக்க மாட்டான், பாரு. இதுவரைக்கும் வந்த இருபத்திரண்டு பேரும் எழுந்திருக்கல" என்றார் பேராசிரியை.

உதவியாளரான அக்கா பட்டியலில் தம்பியின் பெயரை எழுதினாள். இந்தப் பக்கமிருந்து மட்டுமே தெரியும் கண்ணாடிக்கு அப்பால், காத்திருப்பு அறையில் தம்பி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். படிப்பைப் பாதியில் விட்டவன். கிடங்கில் இரவுக் காவல் முடித்து நேராக வந்திருந்தான். வீட்டில் அவனுக்குப் பெயரே தூங்குமூஞ்சி. ஞாபகசக்திப் பரிசோதனை என்று பொய் சொல்லித்தான் அக்கா அவனை வரவழைத்திருந்தாள்.

உண்மையான சோதனை வேறு. மூன்றாவது நாற்காலியில் இருக்கும் நடிகை மயங்கிச் சரிவாள். எதிரே இருக்கும் இரண்டு மாணவர்கள், சொல்லிவைத்தபடி, தலை நிமிராமல் போனை நோண்டுவார்கள். சுற்றி இருப்பவர்கள் சும்மா இருந்தால் மனுஷன் என்ன செய்வான் என்பதுதான் ஆராய்ச்சி. வழக்கமான நடிகைக்குக் காய்ச்சல். நாடகக் குழு இன்று புதிதாக ஒருத்தியை அனுப்புவதாகச் சொல்லியிருந்தது; மூன்றாவது நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திருப்பான் மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"என் தம்பி மேடம்."

"அதெல்லாம் ஆதாரம் இல்லம்மா."

மூன்றாவது நாற்காலிப் பெண் பொத்தென்று சரிந்தாள்.

"என்ன அவசரம் இவளுக்கு? பத்து மணிக்குத்தானே விழணும்னு குழுகிட்ட சொல்லியிருந்தேன்!" பேராசிரியை ஸ்டாப்வாட்சை அழுத்தினார். "ஆனா கை நடுங்குது பாரு. வியர்வைகூட வருது! பழைய ஆளைவிட இவ கெட்டிக்காரி."

மாணவர்கள் அசையவில்லை. தம்பி அவர்களைப் பார்த்தான். அப்படியே உட்கார்ந்திருந்தான். அக்கா கண்ணாடியை ஒட்டி நின்றாள். எழுந்திருடா, தூங்குமூஞ்சி.

எழுந்தான்.

"ஏங்க, என்னாச்சு? சர்க்கரை வியாதியா? மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம வந்தீங்களா?"

அவள் லேசாகத் தலையசைத்தாள். தூக்கம் வராமலிருக்க வேலைக்குக் கொண்டுபோகும் குளிர்பான பாட்டிலைப் பையிலிருந்து உருவினான்.

"மெதுவா குடிங்க. எங்க சூப்பர்வைசருக்கும் இப்படித்தான் ஆகும்." பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பினான். "டேய், உங்களுக்குக் காலு இருக்கா, இல்ல அதையும் சார்ஜ் போடணுமா? ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடுங்கடா!"

"பதினோரு விநாடி" என்று பேராசிரியை சிரித்தார். "என் கட்டுரையையே கவுத்துட்டான்."

"பார்த்தீங்களா மேடம்? என் தம்பி!" பட்டியலில் முதன்முதலாக 'எழுந்தார்' என்று எழுதும்போது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்து, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் கதவு திறந்தது. மூச்சிரைக்க ஒருத்தி நின்றாள்.

"மன்னிச்சுக்கோங்க மேடம், பஸ் வழியிலேயே நின்னுடுச்சு. நாடகக் குழுவிலேருந்து வரேன். நான் விழ வேண்டிய நாற்காலி எது?"

பேனா அக்காவின் கையிலேயே நின்றது. எழாதவர்கள் இருபத்திரண்டு பேர் இல்லை; கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் சேர்த்தால், இருபத்து நான்கு.