மணலில் படுத்த மீன்

காலையில் எழுந்ததும் ரேணுகா முக்காலியை இழுத்துப் போட்டு மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கோமாளி மீன் மணலில் ஒருக்களித்துக் கிடந்தது.

ஆரஞ்சு உடம்பு. மூன்று வெள்ளைப் பட்டை. அசைவில்லை.

"அண்ணி, அது சாகுது போல," என்றாள் நாத்தனார் கஸ்தூரி. "நீங்க பாக்காதீங்க. நேத்துதான் வீடு வந்து சேந்திருக்கீங்க."

நேற்று மாலைதான் வந்திருந்தாள். டெங்கு முற்றி இருபத்திரண்டு நாள் மருத்துவமனை. அதில் பத்து நாள் அவளுக்கு நினைவே இல்லை.

கணவர் தணிகைவேல் பின்னால் நின்றார். கையில் சின்ன வலை.

"வலைய உள்ள விடாதீங்க."

தொண்டையில் குழாய் போட்டிருந்ததில் குரல் இன்னும் கரகரத்தது. ஆனாலும் பதினெட்டு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்திய குரல். தணிகைவேலின் கை தானாகத் தாழ்ந்தது.

ரேணுகா கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

செவுள் திறந்தது. மூடியது. திறந்தது. அவசரமில்லை, திணறலும் இல்லை.

நோய் கண்ட மீன் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இது விரித்து வைத்திருந்தது. மூச்சு முட்டும் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இது அடியில் கிடந்தது. வயிறு உப்பவில்லை. தோலில் வெள்ளைப் புள்ளி எதுவும் இல்லை.

"தூங்குது," என்றாள்.

"கண்ணு தொறந்திருக்கே அண்ணி!"

"மீனுக்கு இமை ஏது? லைட்டப் போடு. அவசரப்படாம பாரு."

கஸ்தூரி சுவிட்சைத் தட்டினாள். தொட்டி நீலமாக வெளிச்சமானது.

ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு நிமிடம்.

மீன் வாலை ஒருமுறை உதறியது. நிமிர்ந்தது. எதுவும் நடக்காததுபோல் கல்லைச் சுற்றி நீந்திப் போனது.

"அடேயப்பா!" கஸ்தூரி நெஞ்சில் கை வைத்துச் சிரித்தாள். "டீச்சருன்னா டீச்சருதான்." பால் பொங்கும் சத்தம் கேட்டு அடுக்களைக்கு ஓடினாள்.

ரேணுகா எழுந்திருக்கவில்லை.

தூங்கியது சரி. அங்கே ஏன் தூங்கியது?

நான்கு வருஷமாக இந்த மீன் இடது மூலையில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மூக்கை நிமிர்த்திக்கொண்டு உறங்கும். ஒரு நாளும் மாறியதில்லை. கோமாளி மீன் படுக்க ஓர் இடம் பிடித்துவிட்டால் லேசில் விடாது.

விரட்ட வேறு மீன் இருந்தால் விடும். தொட்டியில் வேறு மீன் இல்லை.

நீரோட்டம் மாறினால் விடும். பம்ப் வைத்த இடத்திலேயே இருந்தது.

சூடு ஏறினால், இறங்கினால் விடும். இருபத்தாறு டிகிரி. எப்போதும்போல.

அவள் விரலைக் கண்ணாடியில் வைத்தாள். வழக்கமாக மீன் பாய்ந்து வந்து முட்டும்.

இது கல்லுக்குப் பின்னால் ஒதுங்கியது.

நடுப்பட்டையைப் பார்த்தாள். தலைப்பக்கம் புடைத்த வளைவு அப்படியே இருந்தது. ஆனால் வால்பக்கத்துப் பட்டை முழுசாக இருந்தது. அவளுடைய மீனுக்கு அது அடியில் கொஞ்சம் அறுந்திருக்கும். இது வேறு மீன்; யாரோ மிகவும் பார்த்துப் பார்த்து எடுத்திருக்க வேண்டும்.

அவள் திரும்பவில்லை.

"என்னிக்கு?" என்றாள்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாளு," என்றார் தணிகைவேல்.

ஆறாம் நாளைப் பற்றி அவளுக்குக் கஸ்தூரி சொல்லியிருந்தாள். காலையில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடச் சொன்ன நாள். மத்தியானம் முழுக்க அவரைக் காணாமல், ஏதாவது செய்துகொண்டாரோ என்று பயந்துபோய், அவருடைய தம்பிமார்கள் ரயில் பாதைவரை தேடிய நாள். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு அவர் யாரிடமும் பதில் சொல்லவில்லை.

"துணி மாத்த வீட்டுக்கு வந்தேன். மீன் செத்து மெதந்துட்டிருந்துச்சு. தண்ணி மாத்த மறந்துட்டேன் ரேணு. அஞ்சு நாளா இந்தப் பக்கமே திரும்பல."

"ம்."

"கொளத்தூர்ல வளப்பு மீன் கடைக்கெல்லாம் போனேன். எல்லாம் விரல் நுனி அளவுதான் வச்சிருக்கான். இந்த அளவு, இந்தப் பட்டை, எங்கயும் இல்ல. நீ எடுத்த போட்டோவுல இருந்த மீனக் காட்டிக் காட்டிக் கேட்டேன். கடைசிக் கடையில ஒருத்தர், தன் வீட்டுத் தொட்டியில இருந்தத எடுத்துக் குடுத்தாரு. விக்கறதுக்கு வச்சதில்லயாம்."

"அன்னிக்கா?"

"அன்னிக்குத்தான்."

"டாக்டர் அப்படிச் சொன்னப்புறமா?"

"அவர் சொல்லுவாரு." வலையின் பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நீ வந்ததும் நேரா இங்கதான வந்து உக்காருவே."

ரேணுகா திரும்பினாள்.

சட்டை அவருக்குத் தொளதொளவென்றிருந்தது. கன்னத்தில் நரைத்த முள்தாடி. மாட்டிக்கொண்ட மாணவனைப்போல் தலை குனிந்து நின்றார்.

அவள் கையை நீட்டினாள். வலையைத் தரச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் நீட்டினார். அவள் அதை விட்டுவிட்டு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி!" அடுக்களையிலிருந்து கஸ்தூரி கேட்டாள். "பொழச்சிக்குமா?"

ரேணுகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சாச்சு," என்றாள்.