பேனாவை முதலில் பிடிப்பவள்

ஆராதனை முடிந்து ஆலயம் காலியாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அறையில் காணிக்கைப் பைகளை மேசைமேல் கவிழ்க்கிறாள் மருமகள். சில்லறை கலகலவென்று கொட்டுகிறது. ஒரு நாணயம் மட்டும் உருண்டோடி, ஜன்னல் வெயிலில் சுழன்று படுக்கிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் மாமனார்தான் சபையின் பொருளாளர். கண்ணாடியைத் துடைத்தபடி அவளுடைய விரல்களையே பார்க்கிறார். போன மாதம் இறந்துபோகும்வரை, மருமகள் இப்போது இருக்கும் நாற்காலி அவர் மனைவியுடையது. அவள் நாணயங்களைக் கோபுரம் கோபுரமாக அடுக்குவாள். இவர் முழங்கை பட்டு ஒன்று சரிந்தால் போதும், "கையை வச்சிக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்புறம் இருவரும் சிரிக்கிற சிரிப்பில் பாடகர் குழுப் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். மருமகள் கோபுரம் கட்டுவதில்லை. இரண்டிரண்டாக விரலால் இழுத்து ஓரமாகத் தள்ளுகிறாள். கணக்கு என்னவோ சரியாகத்தான் வருகிறது. அவர் பதிவேட்டில் தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவை நீட்டுகிறார். அவள் தயங்குகிறாள்.

"மாமா, நீங்க ரெண்டாவது வரியில போட்டிருக்கீங்க. மேல் வரி காலியா இருக்கே?"

அவர் குனிந்து பார்க்கிறார். வெளியே யாரோ பெஞ்சுகளை இழுத்துப் போடும் சத்தம்.

"அது உங்க அத்தை இடம்மா. பேனாவை எப்பவும் அவதான் முதல்ல பிடுங்குவா."

"அப்ப நான் கீழ போட்டுக்கவா?"

"வேண்டாம்." பதிவேட்டை அவள் பக்கமாகத் திருப்பி வைக்கிறார். "மேலயே போடு. நல்லாப் பெருசா போடும்மா. எனக்கு அப்படிப் பார்த்துத்தான் பழக்கம்."