பட்டையில் ஒரு துடிப்பு

கல்யாணமான நாளிலிருந்து என் கணவரின் மணிக்கட்டுப் பட்டையில் என் நெஞ்சுத் துடிப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பட்டையில் ஒரு துடிப்புக்குத்தான் இடம். போன வருடம் என்னுடையதை எடுத்துவிட்டு, எங்கோ சைபீரியாவில் இருக்கும் ஒரு பூங்குருவியின் துடிப்பை ஏற்றிக்கொண்டார்.

"அழிஞ்சிட்டு வர்ற இனம், தமயந்தி. நீ வீட்லதானே இருக்கே" என்றார்.

குருவி எங்கே இருக்கிறது என்று பட்டை சொல்லாது. துடிப்பு மட்டும்தான் வரும். அது கொஞ்சம் தளர்ந்தால் இவருக்குச் சோறு இறங்காது. எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இந்தப் பக்கமே வராத அந்தக் குருவி, இன்று மதியம் வழி தவறி, திண்டுக்கல்லில் எங்கள் மாடித் துணிக்கொடியின் கீழே வந்து விழுந்தது. காலில் இவர் பெயர் போட்ட வளையம். புளியங்கொட்டை நிறம். பெரிய அழகியும் இல்லை.

"வாடி சக்களத்தி" என்று பிடித்தேன்.

உடனே போன் அடித்தது. ஆபீசிலிருந்து இவர் எனக்குப் பேசியதே கிடையாது.

"தமயந்தி, குருவிக்கு என்னமோ ஆயிடுச்சு. படபடன்னு அடிச்சுக்குது."

விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. அதற்குமேல் முடியவில்லை. முந்தானைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"அடங்கிடுச்சு" என்றார். "நல்ல இடமா பாத்து உக்காந்துடுச்சு போல."

"இருக்கும்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். குருவி தூங்கிவிட்டது. அதற்கு அடியில் என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, யார் கையிலும் தெரியாமல்.