சுவரைப் பார்த்து நிற்பவள்

காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாள் முதலே, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் பட்டாணி என்ற நாய் சோற்றில் வாய் வைக்காது. முன்பிருந்த இடத்தில் தின்னும்போது அடித்திருப்பார்கள் போல. அதனால் செல்வராணி தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வாள். தின்று முடித்ததும் அந்த நாய் ஈர மூக்கால் அவள் குதிகாலைத் தொடும். பிறகுதான் திரும்புவாள். பத்து வருடம் அப்படித்தான். சுவரில் அவள் நெற்றி படும் இடத்தில் எண்ணெய்க் கறையே படிந்துவிட்டது.

பட்டாணியைப் புதைத்த மூன்றாம் வாரம், மதியச் சாப்பாட்டுக்கு வந்த அவள் கணவர் துரைக்கண்ணு, அவள் சுவரைப் பார்த்து நிற்பதைக் கண்டார். பின்னால் தட்டு நிறையச் சோறு.

“என்ன ராணி இது?”

“மெதுவாப் பேசுங்க. தினம் வைக்கிறேன், சீந்தவே மாட்டேங்கிறான். நீங்களும் திரும்பிக்குங்க.”

மனம் கேட்காமல் அவரும் அவளருகே சுவரைப் பார்த்து நின்றார். சற்று நேரத்தில் தரையில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. அவள் அவர் கையை இறுகப் பிடித்தாள். சத்தம் ஓய்ந்தது. அவருடைய குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது.

“இன்னும் என்னைத் தொடலையே,” என்றாள் செல்வராணி.

காலை அசைக்காமல் அவர் சொன்னார், “கொஞ்சம் மிச்சம் இருக்கும் போல. நில்லு.”