பாங்கொக்கில் அக்கா

“இஞ்சை வந்து பாருங்கோவன்! ஒவ்வொரு இறாலும் என்ரை உள்ளங்கையளவு கிடக்குது.”

றொசாந்தி கைபேசியைக் கணவனின் மூக்குக்கு நேரே நீட்டினாள். குருநகரில் பிறந்து, இறாலைக் குவியல் குவியலாகப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனாலும் பாங்கொக்கில் அக்கா அற்புதராணியின் முன்னால் இருந்த இறாலைக் கண்டதும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்த எமில்ராஜ் எட்டிப் பார்த்தான். நீளமான மேசை. சிவப்பாய் ஆவி பறக்கும் சூப், கடலை தூவிய நூடில்ஸ், தேங்காய்ப்பால் விட்ட சோறு, அதற்குப் பக்கத்தில் மாம்பழத் துண்டுகள். பின்னால் அக்காவும் அத்தான் ஜெரிசனும் தோளோடு தோள் உரசிக்கொண்டு சிரித்தார்கள். மேலே ‘தாய்லாந்தில் எங்கள் முதல் நாள்’ என்று எழுதி, இரண்டு இதயம் வேறு போட்டிருந்தது.

“சந்தோசமாத்தானே இருக்கினம்.”

“இருப்பினம், இருப்பினம்! அத்தான் போன வருசம் முழுக்கக் கனடா, கனடா எண்டு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன்ரை வாசல்லை கிடந்த மனுசன். அது சரிவராதெண்டு விட்டாச்சாம். இப்ப அந்தக் காசிலை ஊர் சுத்துகினம்.”

காலையிலிருந்தே முகநூலில் படம் படமாக வந்துகொண்டிருந்தது. பொன் கோபுரத்துக்கு முன்னால் இருவரும், பூக்கடைக்கு முன்னால் இருவரும், பெரிய ஆற்றில் ஒரு படகில் இருவரும். “வள்ளத்திலை ஏறத் தாய்லாந்துக்கே போகவேணும்? கேட்டிருந்தா நீங்களே ஏத்தியிருப்பியள்” என்று றொசாந்தி முகத்தை நொடித்தாள்.

அவளை மிகவும் குத்தியது வேறொன்று. எந்தப் படத்திலும் ஆள் குறையவில்லை. “படம் எடுக்கவும் ஓராளைப் பிடிச்சு வைச்சிருக்கினம் போலை. என்ன எடுப்பு!”

எமில்ராஜ் சமாதானம் சொல்லப் பார்த்தான். “இண்டைக்குத் தவக்கால வெள்ளியெல்லே. உன்ரை கொக்கா மீன், இறால் எண்டு ஒரு மச்சமும் தொட்டிருக்கமாட்டா. பார், கரண்டிகூட வைச்ச இடத்திலைதான் கிடக்கு.”

“தொடாதவ ஏன் முன்னாலை வைச்சுக்கொண்டு இளிக்கிறா? பாக்கிறவையின்ரை வயிறு எரியவோ?”

அதுதான் எரிந்துகொண்டிருந்ததே. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு அதுவும் சம்பலும்தான் சாப்பாடு. கலியாணமான நாள்தொட்டு அவள் போன தூரப்பயணம் மடு மாதா திருவிழாவுக்குத்தான், அதுவும் லொறிக்குப் பின்னால் சட்டிபானைகளோடு. ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா, ஒரு பேச்சுக்காவது ‘நீயும் வாறியோ’ என்று கேட்டாளா?

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்தே அழைப்பு வந்தது. றொசாந்தி பட்டென்று துண்டித்தாள்.

“எடன். கூடப்பிறந்தவளெல்லே.”

“பீத்திறதுக்கு எடுக்கிறா. நான் கதைக்கமாட்டன். இனி அவ ஆரோ, நான் ஆரோ. திரும்பி வந்து வாசல்லை நிண்டாலும் கதவு திறக்கமாட்டன்.”

எமில்ராஜுக்குப் பக்கென்றது. அவள் சொன்னால் சொன்னதுதான். பெரியம்மா வீட்டோடு ஒரு பந்திச் சண்டையில் முறித்தவள், இன்னும் அந்த ஒழுங்கையாலேயே போவதில்லை. தாய் தகப்பன் போனபின் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே இரத்த உறவு இந்த அக்காதான்.

பின்னேரம் கோயிலுக்குச் சிலுவைப்பாதை செபிக்கப் போனாள். ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட்டுக் கண்ணை மூடினால், அந்த இறால்தான் வந்து நின்றது. கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. பார்த்தாள், அக்கா. அதை ஜெபப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

கோயில் வாசலில் பக்கத்து வீட்டு இராசாத்தி பிடித்துக்கொண்டாள். “கொக்கா தாய்லாந்திலையாம்! நானும் லைக் போட்டனான். உன்னைக் கூப்பிடேல்லையே?”

அந்தக் கேள்வியோடு றொசாந்திக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது. விறுவிறென்று வீட்டுக்கு வந்து செருப்பை உதறும்போது திரும்பவும் அழைப்பு. இந்தமுறை எடுத்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு, அக்காவின் இலக்கத்தை அழித்துவிடுவது என்று முடிவுகட்டியிருந்தாள். எமில்ராஜ் கையைக் காட்டித் தடுக்கப் பார்த்தான், அவள் கவனிக்கவில்லை.

“என்ன அக்கா, இறால் நல்ல ருசியோ? வயிறு முட்டச் சாப்பிட்டு ஏவறையும் விட்டாச்சோ?”

மறுபக்கத்தில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்காவின் குரல், காதோடு காதாகப் பேசுவதுபோல் வந்தது.

“மெல்லக் கதையடி. ஏஜென்சிக்காரனுக்குத் தெரியாமல் குளியலறைக்குள்ளை நிண்டு எடுக்கிறன். விடிய எங்கடை போனையும் வாங்கிப்போடுவானாம்.”

“ஏஜென்சிக்காரனோ? ஊர் சுத்திப் பாக்கிற ரூர் எண்டெல்லே சொன்னனீ?”

“அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லச் சொன்னவன். ரூர் வந்த ஆக்கள் எண்டு காட்டினாத்தான் கனடாப் பக்கம் அனுப்பலாமாம். உந்தப் படமெல்லாம் அவன் எடுத்ததுதான்.”

“அப்ப... அந்த மேசை நிறையச் சாப்பாடு?”

“எங்களைப் படம் எடுத்து முடியச் சாப்பாட்டுக் கோப்பையளைத் தூக்கி அடுத்த சோடிக்கு முன்னாலை வைச்சிட்டான், பசிக்குதடி.”